பதினாலாம் நம்பர் பூச்சி

டம்ளரக்காவை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் உதட்டில் மூன்று இறகுகள் இருந்தன.

இதை எழுதுகிறவன் அப்போது வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. தொழிற்கூடங்களுக்குப் போய், அங்கே காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து எழுதுகிற வேலை. வைக்கோல் போரில் புரண்டு வளர்ந்தவனுக்கு, தூசியைக்கூட ஒருவர் அளப்பார் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். வீட்டில் முதல் பட்டதாரி. ஆகவே அந்தக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பதில் கொஞ்சம் மிடுக்கும் இருந்தது. உள்ளே இருப்பது ஒரு சின்ன பம்பு. அதைத் தொழிலாளியின் இடுப்பில் மாட்டி, அதன் மெல்லிய குழாயைக் கழுத்துக்கு அருகே துணியில் ஊக்கால் குத்திவிட வேண்டும். அவர் சுவாசிக்கிற காற்றையே அதுவும் எட்டு மணி நேரம் குடித்துக்கொண்டு, விடாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஊரில் எல்லோரும் 'பூச்சிக் கொட்டகை' என்று சொல்லுகிற இடம் அது. தகரக் கூரை, நீள வாக்கில் பதினோரு மேசைகள், இருபத்திரண்டு பெண்கள். டிரவுட் மீன் பிடிக்கிற ஆசாமிகள் தூண்டில் முள்ளில் புழு கோர்ப்பதில்லை. குளிர்ந்த ஆற்றில் பறந்து விழும் சின்னச் சின்னப் பூச்சிகளைத் தின்று வாழ்கிற மீன் அது. ஆகவே அந்தப் பூச்சியைப்போலவே இறகும் ரோமமும் பட்டுநூலும் வைத்து முள்ளின்மேல் ஒன்றைக் கட்டி, அதைக் காட்டி ஏமாற்றுவார்கள். ஏமாற்றுகிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ஏமாற்றுகிற பொருளைக் கட்டுகிறவர்கள் இங்கே இருந்தார்கள்.

"பம்பை அந்தக் கடைசி மேசை அக்காகிட்ட மாட்டுங்க சார். அவங்கதான் பேசாம உக்காருவாங்க" என்று மாஸ்டர் காட்டினார். மாஸ்டர் என்றால் கொட்டகையின் மேற்பார்வை, தரம் பார்ப்பது, திட்டுவது, மின்விசிறியை நிறுத்துவது எல்லாம் சேர்ந்த ஓர் உத்தியோகம்.

பம்பை மாட்டியதும் டம்ளரக்கா உதட்டிலிருந்த இறகுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். "நாங்க கட்டுற பூச்சி கத்தாது தம்பி. நீ கொண்டாந்தது கத்துதே" என்றார்.

அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கத்தட்டும். எங்கக்காவுக்கு ஒரு வழியா சத்தம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கறோம்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. டம்ளரக்காவும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அது நின்றபோது கொட்டகையில் வேறு யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

*

எதிரே இருந்தவளுக்குக் கொட்டகையில் 'இடக்கை' என்று பெயர். இடது கையால் நூல் சுற்றுகிறவள். மற்ற மேசைகளில் இரண்டிரண்டு பேராகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல ஒரே பக்கம் பார்த்து வேலை செய்வார்கள். இடக்கை வந்து சேர்ந்த முதல் நாளே அவளுடைய இடது முழங்கையும் டம்ளரக்காவின் வலது முழங்கையும் மூன்று முறை இடித்துக்கொண்டன. மூன்றாவது இடியில் ஒரு நூல்கண்டு உருண்டு போய் மாஸ்டரின் செருப்பில் நின்றது. "நீ அந்தப் பக்கம் போ" என்று அவர் இடக்கையின் நாற்காலியைத் தூக்கி மேசையின் மறுபக்கம் போட்டார். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் என்கிற சின்ன இடுக்கியையும் திருப்பி மாட்டினார். அன்று முதல் அந்தக் கொட்டகையில் வேலை நேரத்தில் எதிரே ஒரு முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் இரண்டே பேர்.

அப்படிப் பத்தொன்பது வருடம்.

டம்ளரக்காவுக்கு ஒரு பழக்கம். இறகை ஒவ்வொன்றாக உருவி, அடியிலிருக்கும் பஞ்சைக் கிள்ளி ஊதிவிட்டு, அடுத்தடுத்துக் கட்ட வேண்டிய மூன்று நான்கு இறகுகளை உதட்டில் கவ்விக்கொள்வார். கை நீட்டித் தேட வேண்டியதில்லை. எச்சில் பட்டு இறகும் பணிந்து வரும். மற்றவர்கள் நாளில் ஐந்து டஜன் கட்டினால் அவர் ஆறரை கட்டியது அதனால்தான். வாயில் இறகு இருக்கிறவர் எப்படிப் பேசுவது? ஆகவே பேசுவது இடக்கையின் பொறுப்பாக ஆயிற்று. புருஷனுக்கும் மாமியாருக்கும் நடந்த சண்டை, மூத்த மகளின் பரீட்சை, பஸ்ஸில் பக்கத்தில் நின்றவளின் செருப்பு, எல்லாவற்றையும் அவள் கொட்டுவாள். டம்ளரக்கா புருவத்தாலும் மூக்காலும் பதில் சொல்லுவார். 'ம்' என்பதிலேயே அவரிடம் ஏழெட்டு விதம் இருந்தது. இடக்கைக்கு எல்லாம் புரியும்.

டம்ளரக்காவுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய சமயங்களில் அவர் வாயில் இறகு இருந்தது.

டம்ளர் விஷயம் வேறு. அவருடைய மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கும். தாகத்துக்கு இல்லை. ஒரு பூச்சியைக் கட்டி முடித்ததும் அதைத் தண்ணீரில் போடுவார். போட்டதும் அது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசி நுனியால் ஓர் அமுக்கு அமுக்கி உள்ளே தள்ளி, வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்ப்பார். டஜனுக்கு ஒன்று இப்படிக் குளிக்கும். "மாஸ்டரு காய்ஞ்சதப் பாத்து ஓகே சொல்றாரு. மீனு நனைஞ்சதத்தானே பாக்குது" என்பது அவர் கட்சி. அதனால்தான் அந்தப் பெயர். "அக்கா, மீனு கண்ணாடி போட்டிருக்கான்னு முதல்ல பாரு" என்று இடக்கை பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டியதில் பேர் பெற்றது பதினாலாம் நம்பர். பட்டியலில் பதினாலாவதாக இருக்கிற பூச்சி. பார்க்க ஒன்றுமே இல்லை. மஞ்சள் பட்டுநூல் உடம்பு, அதன்மேல் முயல் ரோமம் தூவினாற்போல ஒரு துளி, கழுத்தில் கவுதாரி இறகு இரண்டே சுற்று. ஒரு சுற்று கூடினால் துடைப்பம். ஒன்று குறைந்தால் நோய் பிடித்த பூச்சி. அதன் சூட்சுமம் பட்டில் இருந்தது. காய்ந்திருக்கும்போது கண்ணைப் பறிக்கிற மஞ்சள். மெழுகு தடவி நனைந்தால் உள்ளே விளக்கை அணைத்த மாதிரி அடங்கி, பாசி நிறத்துக்குப் போய்விடும். ஆற்றில் அந்த மாதத்தில் வரும் நிஜப் பூச்சியின் வயிறு அதே நிறம். எங்கோ ஒரு மீன்பிடிக் கழகத்தின் பெரியவர் வருடா வருடம் கைப்படக் கடிதம் எழுதி, 'பதினாலு மட்டும், அதே கையால்' என்று கேட்டு வாங்குவார். கொட்டகையில் அவருக்குக் கடிதக்காரர் என்று பெயர். பார்த்தவர் யாருமில்லை. ஆனால் 'அதே கை' என்றால் யார் கை என்று எல்லோருக்கும் தெரியும்.

*

இருமலை முதலில் டம்ளரக்கா ஜலதோஷம் என்றார். பிறகு ஒட்டடை என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நன்றாக இருக்கிற மூச்சு, திங்கட்கிழமை மத்தியானம் மாடிப்படியின் ஆறாவது படியில் நின்றுவிடும். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு மொத்தம் பதினேழு படி.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோழிப் பண்ணையில வேலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இறகு வேலை."

"எவ்வளவு நாளா?"

"இருபத்தாறு வருஷம்."

"வாயை மூடிக்கிட்டு வேலை செய்வீங்களா?"

டம்ளரக்கா யோசித்து, "ஒரு மாதிரி மூடித்தாங்க இருக்கும்" என்றார். இறகைக் கவ்வும் பழக்கத்தைச் சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். நுரையீரல் இறகைப் பகையாளியாக நினைக்க ஆரம்பித்துவிட்டது, இனி ஒரு துணுக்குப் பஞ்சு போனாலும் உள்ளே சண்டைதான் என்று பொறுமையாக விளக்கினார். "இறகா, மூச்சா. ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கங்கம்மா. ரெண்டும் வேணும்னா ரெண்டு வருஷம்."

பம்பு குடித்த தூசியின் கணக்கும் அதையேதான் சொன்னது. கொட்டகையிலேயே அதிகத் தூசி அந்தக் கடைசி மேசையில். அதிலும் அவருடைய உதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில். அந்தத் தாளை மாஸ்டரின் கையில் கொடுத்தபோது, கல்லூரியில் படித்தது முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டுவிட்டது என்றுதான் கொடுத்தவன் நினைத்தான்.

தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். டம்ளரக்கா வளர்த்து ஆளாக்கிய தம்பி. வேறு ஊரில் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். "வந்துரு அக்கா. இங்க ஹால்ல இடம் இருக்கு. ராத்திரி சோபாவ இழுத்து விட்டா படுக்கை. பகல்ல மடக்கிக்கலாம்."

"பகல்ல என்னையும் மடக்கிருவீங்களாடா?"

"இப்படியே பேசு" என்றான் தம்பி. அவன் நல்லவன்தான். அந்த ஹாலில் தொலைக்காட்சி எப்போதும் ஓடும் என்பதும், அதன் எதிரே உட்கார்ந்து தன் கைகள் என்ன செய்யும் என்பதும்தான் டம்ளரக்காவுக்குக் கலக்கமாக இருந்தது. அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வைஸ். எதிரே அந்த முகம். கொட்டகையை விட்டால் இரண்டும் போய்விடும்.

*

கொட்டகையின் மூலையில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. பளபளவென்று பசை பூசி, நீல விளக்கில் காயவைக்கிற நவீனப் பூச்சிகளுக்காக முந்தின வருடம் கட்டியது. பசையில் ஓர் இறகுப் பஞ்சு ஒட்டினாலும் சரக்கு வீண் என்பதால், கதவிடுக்கில் ரப்பர் பட்டி, தனிக் காற்று, தனி வாசல். உள்ளே இறகு, ரோமம், பட்டு என்ற பேச்சே கிடையாது; எதிலும் பஞ்சு பறக்கும். எல்லாம் நைலானும் பாலியெஸ்டரும். அங்கே இருந்த பெண் வேறு வேலைக்குப் போய்விட, அறை சும்மா கிடந்தது. முதலாளி அதைக் கிடங்காக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னை அங்க விடுங்க மாஸ்டர்" என்றார் டம்ளரக்கா.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை. "உள்ள உக்காந்து என்னக்கா கட்டுவீங்க? அந்தப் பளபளப்புக்கு ஆர்டர் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் வருது."

"பதினாலக் கட்டுறேன்."

"இறகு இல்லாமலா?"

"இறகு இல்லாம."

மாஸ்டர் கண்ணாடி அறையை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "கடிதக்காரர் ஒத்துக்கிட்டா அறை உங்களுக்கு. ஒத்துக்கலன்னா என்னால முதலாளிகிட்ட நிக்க முடியாதுக்கா. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அன்றே டம்ளரக்கா குளித்து, துவைத்த துணி உடுத்தி, தனி வாசல் வழியாக உள்ளே போனார். கண்ணாடி வழியே பார்த்தால் நேர் எதிரே தன் பழைய மேசை. அதற்கு அப்பால் இடக்கையின் முகம். அந்த இடத்தைப் பார்த்துத்தான் வைஸைப் பொருத்தினார். இடக்கை இங்கே பார்த்து வாயசைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. ரப்பர் பட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

அங்கே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உதட்டில் ஒன்றும் இல்லை. நைலானை யாரும் கவ்வ வேண்டியதில்லை. அது எச்சிலுக்குப் பணிவதுமில்லை. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு வேலை நேரத்தில் வாய் காலியாக இருந்தது. பேசலாம். ஆளில்லை.

மூன்று வாரம் அவர் நிறத்தோடு மல்லுக்கு நின்றார். செயற்கை இழையில் ஒரு சங்கடம் என்னவென்றால், அது நனைந்தாலும் நனையாததுபோலவே இருக்கும். காய்ந்தபோது என்ன மஞ்சளோ தண்ணீரிலும் அதே மஞ்சள். ரோஷமில்லாத இழை என்று அவர் மனதுக்குள் திட்டினார். கடைசியில், எடுத்த எடுப்பிலேயே பாசி நிறமாயிருக்கிற ஒரு மெல்லிய இழையைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிக் கயிறும் சாக்கும் செய்கிறார்களே, அதே சாதி. அதை உடம்பாகச் சுற்றினார். கவுதாரி இறகுக்குப் பதில் இருப்பதிலேயே மெலிந்த நைலான் இழை. அதில் பேனாவால் ஒவ்வொன்றாகப் பழுப்புப் புள்ளி வைத்தார். டம்ளரில் போட்டு, ஊசியால் உள்ளே அமுக்கி, வெளிச்சத்தில் பார்த்தார். நிறம் அச்சு அசல். அமுக்கிப் பிடித்தபடியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே திருப்தியாக இருந்தது.

மூன்று டஜன் போயிற்று. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மாஸ்டர் கண்ணாடி அறையின் வாசலில் நின்றுகொண்டே படித்துச் சொன்னார்.

"'உங்கள் பூச்சியின் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது மூழ்க மறுக்கிறது. ஓடம்போல ஆற்றின் மேலே மிதந்து போகிறது. மீன்கள் கீழே நின்று அதை மரியாதையாக வழியனுப்பி வைக்கின்றன.'"

"மூழ்கலியா?" என்றார் டம்ளரக்கா. "நான் டம்ளர்ல பாத்தேனே மாஸ்டர். ஒவ்வொரு டஜனுக்கும் பாத்தேனே."

"எனக்கென்னக்கா தெரியும். இன்னொரு தடவ அனுப்பச் சொல்லியிருக்காரு. பெரிய மனுஷன். ஆனா இதான் கடைசி."

அந்த நாள் முழுக்க டம்ளரக்கா ஒன்றும் கட்டவில்லை. கடிதக்காரருக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, ஆற்றில் ஏதோ கோளாறு என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்தார். எதிலும் மனம் நிற்கவில்லை. பக்கத்தில் பழைய பதினாலு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், அதில் இருப்பது கவுதாரி இறகு. உள்ளே கொண்டுவரக் கூடாது.

மறுநாள் டீ இடைவேளையில் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அதிர்வுதான் தெரிந்தது. இடக்கை நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர். அதில் தண்ணீர். மறு கையில் பழைய பதினாலு ஒன்று. தன் டம்ளரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, 'உன்னதையும் கொண்டா' என்று தலையாட்டினாள்.

டம்ளரக்கா தன் டம்ளரைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் ஒட்டிப் பிடித்தார். நடுவில் ஒரு விரல் கனம் கண்ணாடி. இருவரும் பூச்சியைப் போட்டார்கள். இரண்டும் மேலே நின்றன. இருவரும் ஊசியால் அமுக்கினார்கள். இரண்டும் உள்ளே போயின. இரண்டும் ஒரே நிறம், கூடப்பிறந்தவைபோல இருந்தன.

இடக்கை ஊசியை எடுத்தாள். அவளுடைய பூச்சி ஆடி அசைந்து, அவசரமில்லாமல் அடிக்குப் போய் உட்கார்ந்தது.

டம்ளரக்கா ஊசியை எடுத்தார். அவருடையது விர்ரென்று மேலே வந்து நின்றது.

இருபத்தாறு வருடமாகப் பட்டும் ரோமமும் கட்டிப் பழகிய கை. அமுக்கிவிட்டால் மூழ்கித்தான் ஆக வேண்டும். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே நிறத்தை மட்டும் பார்த்தார். ஊசியை எடுக்காமலே பார்த்தார். டம்ளர் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள், டம்ளரிலேயே ஏமாந்திருந்தார். பிளாஸ்டிக் கயிறு குளத்தில் மிதப்பதைப் பார்க்காதவர் யார்?

இடக்கை அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் நடுவில் மீனும் கண்ணாடியும் வந்தன என்பது வாயசைவிலேயே தெரிந்தது. டம்ளரக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தார். இருமல் வரப்போகிறது என்று மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை.

*

அதற்குப் பிறகு நடந்தது ஒரு வாரத்து வேலை. தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த செம்புக் கம்பி கிடங்கில் இருந்தது. முள்ளின்மேல் முதலில் அதைச் சுற்றினார், கனத்துக்காக. அதன்மேல் மிதக்காத ஜாதி மஞ்சள் நைலான், இடைவெளி விட்டு ஒரே சுற்று. டம்ளரில் போட்டு, அமுக்கி, இம்முறை ஊசியை எடுத்தார். இறங்கியது. குனிந்து நிறத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இழையின் மஞ்சள் மாறவில்லைதான், ஆனால் அந்த ஒற்றைச் சுற்று தண்ணீரில் கண்ணாடிபோல ஆகி, அடியிலிருந்த செம்பு மங்கலாகத் தெரிந்தது. இரண்டும் கலந்து பட்டு நனைந்தால் வருகிற அதே அடங்கிய பாசி நிறம். மூன்று வாரம் தேடி அலைந்த நிறம், கனத்துக்காகச் சுற்றிய கம்பியில் இருந்தது.

மாஸ்டர் அதைத் தன் வெள்ளை அட்டையில் பழைய மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். "என்னக்கா இது. துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு."

"காய்ஞ்சிருக்கு, அதான்."

"நான் காய்ஞ்சதத்தானே பாக்கணும்."

"மீனு கரைக்கு வந்து உங்க அட்டையில பாக்குமா மாஸ்டர்?"

டம்ளரக்கா டம்ளரை நீட்டினார். மாஸ்டர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பூச்சியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதக்காரரின் பதில் இரண்டு வரி. 'மீன்களுக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத்தான் இருக்கிறது, நான் பழகிக்கொள்கிறேன்.' ஆறு டஜனுக்கு ஆர்டரும் கூடவே இருந்தது. அடுத்த வருடம் அவர் சொல்லி வேறு கழகங்களும் கேட்டன. கண்ணாடி அறை கிடங்காகவில்லை.

ஒரு கை போதவில்லை என்ற நிலை வந்தபோது மாஸ்டரே சொன்னார்: "இன்னொரு வைஸ் போட்ருவோம். யார் வேணும்னு நீங்களே சொல்லுங்கக்கா."

அவர் கேட்கும் முன்பே டம்ளரக்காவிடம் பதில் இருந்தது. அன்று சாயங்காலமே வைஸை மேசையின் எதிர்ப்பக்கம், திருப்பி, இடது கைக்குத் தோதாக மாட்டி வைத்தார். நாற்காலியையும் போட்டார். அதில் ஒருதரம் தானே உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் எதிரே தன் நாற்காலி.

வேலை விட்டதும் வாசலில் இடக்கைக்காகக் காத்திருந்தார். அவளுடைய தலையிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆகவே இப்போதெல்லாம் அவர்கள் ஐந்தாறு அடி தள்ளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றுதான் பேசுவார்கள். ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் தலைக்குக் குளித்துவிட்டு அந்தப் பதினேழு படி ஏறி வந்தவள்தான் இடக்கை. மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு அது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு 'வரணும்க்கா' என்பதாக ஆகியிருந்தது.

"மாஸ்டர் சொன்னாரா?" என்றார் டம்ளரக்கா.

"சொன்னாருக்கா."

"வைஸத் திருப்பி மாட்டிட்டேன்."

இடக்கை செருப்பால் தரையைத் தேய்த்தாள். "அக்கா, கோவிச்சுக்காத. எனக்கு அது வேண்டாம்."

"நைலான் கைக்கு ஒட்டாதுன்னு பாக்கறியா? ஒரு வாரம் வழுக்கும். அப்புறம் பழகிரும்டி."

"கை பழகிரும். அது ஒண்ணுமில்ல." அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே யாரோ யாரையோ கிண்டல் செய்கிற சத்தம் வந்தது. "இங்க இருபது பேரு இருக்காளுங்க. நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்லுவா. அங்க சத்தமே இல்லியேக்கா. பேசாம இருந்தா நான் செத்துருவேன்."

"நான் இருக்கேன்ல."

"நீ எங்கக்கா பேசுவ?" என்றாள் இடக்கை. குத்திச் சொல்லவில்லை, பத்தொன்பது வருடம் பார்த்த ஒன்றை உள்ளபடியே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டாள்.

டம்ளரக்கா, "ம்" என்றார்.

அந்த ஏழெட்டு விதத்தில் அது எது என்று இந்த முறை இடக்கைக்குப் புரிந்ததா, தெரியவில்லை. பஸ் வந்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னலில் கை தெரிந்தது, இடது கை.

'இப்ப என் வாயில இறகு இல்லடி' என்பது மாடிப்படியில் பாதி ஏறிய பிறகுதான் டம்ளரக்காவின் நாக்குக்கு வந்தது. ஆறாவது படியைக் கடந்து, பத்தாவது படியில். மூச்சு வாங்கவில்லை. நின்று அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "என்னம்மா, கூப்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே போனார்.

*

வருடத்துக்கு ஒருமுறை பம்பை எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கிறது. கண்ணாடி அறையில் தூசி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எழுதுவதற்கு அதைவிட நல்ல எண் கிடையாது. எட்டு மணி நேரமும் பம்பு ரீங்கரித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்திக் கழற்ற வரும்போது, "அதுக்குள்ளயா தம்பி? இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டுமே" என்பார்.

டம்ளரக்காவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடி அறையில் தனியாகப் பதினாலாம் நம்பர் கட்டுகிறார். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் மேலும் கெடவில்லை. இடக்கை வெளியே அதே மேசையில் இருக்கிறாள். அவளுக்கு எதிரே இப்போது வேறொரு பெண். உள்ளே எதிர்ப்பக்கத்து வைஸ் இன்னும் இடது கைக்காகத் திருப்பியபடியே இருக்கிறது. அதை நேராக்கி வேறு ஆள் போடலாமா என்று மாஸ்டர் வருடா வருடம் கேட்கிறார். "இருக்கட்டும் மாஸ்டர்" என்று டம்ளரக்கா சொல்கிறார்.